கழற்றி வைத்த மோதிரங்கள்

அடகுக் கடைக்கு வருகிறவர்கள் மோதிரத்தைக் கடைக்குள் வந்து கழற்றுவதில்லை. பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேறு வேலை அமையாதிருந்த இரண்டு ஆண்டுகள், ராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் ஒரு சிறிய அடகுக் கடையில் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் என் கண் முன்னால் விரலிலிருந்து மோதிரத்தை உருவித் தந்தவர்கள் ஐந்தாறு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். சங்கிலி காகிதத்தில் மடித்து வரும். வளையல் கைக்குட்டையில் முடிந்து வரும். தோட்டைப் பெண்கள் கவுண்டரிலேயே திருகாணியைத் தளர்த்திக் கழற்றித் தருவார்கள். மோதிரம் மட்டும் தெருவிலேயே கழற்றப்பட்டு, மூடிய கைக்குள் உடம்புச் சூட்டோடு வரும். சங்கிலியைக் கழற்றுகிறவர் தலையைக் குனிந்துகொள்ளலாம். மோதிரத்தைக் கழற்றும்போதோ இரண்டு கைகளும் எதிரே இருப்பவரின் கண்ணுக்கு நேரே வந்துவிடுகின்றன. இறுகிய மோதிரமானால் திருக வேண்டியிருக்கிறது, எச்சில் தொட வேண்டியிருக்கிறது. அதை மற்றொருவர் பார்க்க யாரும் விரும்புவதில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன்.

கடையில் என் வேலைகளில் ஒன்று, மோதிரத்தின் அடிப்பகுதியில் சுற்றியிருக்கும் நூலைப் பிளேடால் அறுத்து எடுப்பது. விரலுக்கு லூசாக இருக்கும் மோதிரத்தைப் பத்துச் சுற்று நூலால் சரிசெய்துகொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். நூல், அழுக்கு, கல் எல்லாவற்றின் எடையும் கழிந்த பிறகே தங்கத்தின் எடை எழுதப்படும். அறுத்த நூல்கள் மேசைக்கு அடியிலிருந்த குப்பைத் தொட்டிக்குப் போகும். மஞ்சள் ஏறிய நூல், எண்ணெய் ஏறிய நூல், டீசல் வாடை அடிக்கும் நூல் என்று அவற்றில் பல வகை உண்டு.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பகுதிகளின் படகுகள் கரையில் நிற்கும் அந்த இரண்டு மாதங்களில், படகில் வேலைக்குப் போகிறவர்களின் நகைகள் எந்த வரிசையில் கடைக்கு வரும் என்பதைப் பேரேட்டைப் பார்த்தே சொல்லிவிடலாம். முதலில் வருவது ஆண்களின் மோதிரம். அதன் பிறகே பெண்களின் தோடும் சங்கிலியும். கால் பவுனும் அரைப் பவுனுமாக இருக்கும் மோதிரத்துக்குக் கிடைக்கும் பணம் குறைவு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அதுதான் முதலில் வரும். அதற்குக் காரணம் பெண்டாட்டியின் மேல் உள்ள அன்பு என்று எங்கள் முதலாளி சொல்வார். அன்பும் இருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு என்பது எனக்குச் சில மாதங்களில் பிடிபட்டது. கடலுக்குப் போகிறவரின் வெறும் விரலைப் பார்த்து ஊரில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்டாலும், "தொழிலுக்குப் போறப்ப கழத்தி வச்சிருக்கேன்" என்று சொல்லிவிடலாம். கழுத்தில் சங்கிலி இல்லாத பெண்ணுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு வாசகம் இல்லை.

கரையில் உத்தியோகம் பார்ப்பவருக்கும் அது இல்லை. எனக்குப் பள்ளியில் கணக்குச் சொல்லித் தந்த ஆசிரியர் ஒருநாள் கடைக்கு வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய், நான் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மறுபடியும் வந்து மோதிரத்தை வைத்துவிட்டுப் போனதாகப் பேரேட்டிலிருந்து தெரிந்துகொண்டேன். சில நாட்கள் கழித்துப் பேருந்து நிலையத்தில் அவரைச் சந்தித்தபோது, அவருடைய விரலில் அதே அச்சில் ஒரு மோதிரம் இருந்தது. கவரிங். உப்புக் காற்றிலும் வியர்வையிலும் அந்த முலாம் எத்தனை நாள் தாங்கும்? அடுத்த மாதம் பார்த்தபோது மோதிரத்தைச் சுற்றி விரலில் பச்சை நிறத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்ற பழமொழியை வகுப்பில் எங்களைக் குட்டும்போதெல்லாம் சொல்லிச் சிரிப்பவர் அவர். அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்த அன்று, அவரிடம் வாங்கிய குட்டுகளில் எந்த வருத்தமும் எனக்கு மிச்சமில்லாமல் போயிற்று.

மோதிரம் பற்றி எழுதுகிறவர்கள் பொதுவாக எந்த விரலில், எந்தக் கையில், என்ன கல் என்று தொடங்குவார்கள். என் அனுபவத்தில், எங்கள் கடற்கரையில் ஒரு மோதிரத்தின் பொருளைத் தெரிந்துகொள்ள அதை எப்போது கழற்றுகிறார்கள், கழற்றினால் எங்கே வைக்கிறார்கள், கழற்றவே கூடாத மோதிரம் எது என்று கேட்பதே சரியான வழி.

கடலுக்குப் போகிறவர் மோதிரத்தைக் கழற்றுவது சாஸ்திரம் பார்த்து அல்ல. வலையின் கண்ணியில் மோதிரம் மாட்டிக்கொண்டால், வலையோடு கடல் இழுக்கும் இழுப்பில் மோதிரம் நிற்காது. விரலின் தோலும் சதையும் சேர்ந்து உரிந்து வந்துவிடும். விசைப்படகில் வின்ச் சுற்றும் கயிற்றுக்கு அருகே மோதிரக் கையைக் கொண்டுபோவதை எந்த டிரைவரும் அனுமதிக்க மாட்டார். ஐஸ் பெட்டியில் மீனை அடுக்குகிறவருக்கு வேறு ஆபத்து; குளிரில் விரல் சுருங்கி, மோதிரம் தானாக நழுவி மீனுக்குள் போய்விடும். பாம்பன் பக்கத்தில் தீவுகளை ஒட்டி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும் பெண்கள், பாறை கிழிக்காதிருக்க விரல்தோறும் துணிக்கீற்றைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவார்கள். மற்ற ஊர்களில் பெண்கள் மோதிரம் போடும் இடத்தில் இவர்களுக்குப் பழைய சேலையின் கிழிசல். அது நனைந்து இறுகி விரலில் பதித்த தடம் கரைக்கு வந்த பிறகும் வெகுநேரம் மறையாது.

சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி அணிந்துகொள்ளும் நகைகளின் வரிசையில், வாளை மீனின் பிளந்த வாயைப் போல வளைத்துச் செய்த மோதிரம் ஒன்று வருகிறது. அந்த அலங்காரத்துக்குப் பின்னர்தான் அவள் கோவலனோடு கடல் விளையாட்டுக்குப் புறப்படுகிறாள். மீன் வடிவில் மோதிரம் போட்டுக்கொண்டு கடலுக்குப் போவது புகாரின் பணக்கார வீதிக்கு அழகுதான். மீனைப் பிடிக்கப் போகிற எங்கள் ஆட்களுக்குக் கட்டுப்படியாகாது.

கழற்றிய மோதிரம் எங்கே போகும்? என் தாத்தாவின் மோதிரம் அம்மாச்சியின் தாலிக்குப் போகும். மண்டபத்துக்குத் தெற்கே ஒரு சிறிய கடற்கரை ஊரில் வல்லம் என்னும் நாட்டுப்படகில் தொழில் பார்த்தவர் தாத்தா. தட்டையான முகப்பில் ஓர் எழுத்து மட்டும் வெட்டிய, அரைப் பவுன் மோதிரம் அவருடையது. பின்னிரவில் அவர் கிளம்பும்போது மோதிரத்தை உருவி அம்மாச்சியின் உள்ளங்கையில் வைப்பார். அம்மாச்சி தாலிக் கயிற்றில் கிடக்கும் ஊக்கில் அதைக் கோத்துக்கொள்வாள். சாவிக்கும் முள் எடுக்கும் கருவிக்கும் அதே ஊக்குதான். அவர் திரும்பி வந்து, குளித்து, சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகே மோதிரம் மறுபடியும் விரலுக்குப் போகும். ஆகையால் தாத்தாவின் விரலில் மோதிரம் தெரிந்தால் அவர் இன்று கடலுக்குப் போகவில்லை என்றோ, டவுனுக்குக் கிளம்புகிறார் என்றோ பொருள். கடன் கொடுத்தவர்களும் பிள்ளைகளும் ஒரே மாதிரி அந்த விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மாச்சியின் மார்பில் இரண்டு உலோகங்கள் உரசும் சத்தம் கேட்டால், "அய்யா கடல்ல" என்று எங்களுக்குத் தெரியும்.

விரல்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மோதிர விரலுக்குப் பவித்திர விரல் என்றும் பெயர் உண்டு. ஐந்து விரல்களில் மிகக் குறைவாக வேலை செய்வது என்பதால் அது மோதிரத்துக்கு ஒதுக்கப்பட்டிருக்கலாம் என்பது என் ஊகம். அந்த விரலிலிருந்து இதயத்துக்கு நேராக ஒரு நரம்பு போகிறது என்று பழைய ரோமானியர்கள் நம்பினார்கள். அப்படித் தனியாக ஒரு நரம்பு இல்லை என்பதை உடற்கூற்று நூல்கள் காட்டிவிட்டன. நடுவிரலில் கறுத்த இரும்பு வளையம் தெரிந்தால் அது குதிரை லாடத்தில் செய்தது, அவருக்குச் சனி நடக்கிறது என்று எங்கள் ஊரில் பிள்ளைகளுக்கும் தெரியும். தேவிபட்டினத்தில் கடலுக்குள் நவக்கிரகங்களாக நிற்கும் நவபாஷாணக் கற்களைச் சுற்றி வருகிறவர்களின் கைகளைப் பார்த்தால், அவரவர் வீட்டுப் பிரச்சினையை ஏறக்குறைய ஊகித்துவிடலாம்: சுட்டுவிரலில் புஷ்பராகம் என்றால் குரு, சுண்டுவிரலில் மரகதம் என்றால் புதன், முத்து என்றால் சந்திரன். ஒரு கையில் நான்கு கிரகங்களைச் சுமந்தபடி குனிந்து தண்ணீர் தெளித்துக்கொள்கிறவர்களைப் பார்க்கையில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. கணக்கெழுதிய பழக்கத்தில், ஒவ்வொரு கல்லுக்கும் எவ்வளவு எடை கழிக்க வேண்டியிருக்கும் என்றுதான் மனம் போகிறது.

சுட்டுவிரலில் கனத்த தங்க மோதிரம் போடுகிறவர் பெரும்பாலும் வலையைத் தொடாதவர். படகுச் சொந்தக்காரரான சம்மாட்டி, ஏலம் கூறுகிறவர், ஒப்பந்தக்காரர், கட்சிக்காரர் ஆகியோரின் கைகளில் அதைப் பார்க்கலாம். கட்சிக்காரரின் மோதிரத்தில் தலைவரின் முகம் இருக்கும். அந்த முகம் எப்போது கழன்றது, எந்த முகம் ஏறியது என்பதை வைத்து மாவட்ட அரசியலைப் படிக்கிறவர்கள் தேநீர்க் கடைகளில் உண்டு. தலைவர்களின் பிறந்தநாளில், அன்றைக்கு அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குத் தங்க மோதிரம் போடும் வழக்கமும் தமிழ்நாட்டில் பழகிப்போன ஒன்று. எடை இரண்டு கிராமுக்குக் குறைந்தால் ஹால்மார்க் முத்திரை கட்டாயமில்லை என்ற விதியையும் இங்கே நினைவுபடுத்திக்கொள்கிறேன், வேறொன்றும் சொல்லவில்லை.

கீழக்கரையில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய வலது கைச் சுண்டுவிரலில், செம்பழுப்பு நிற அக்கீக் கல் பதித்த வெள்ளி மோதிரம் ஒன்று உண்டு. இஸ்லாத்தில் ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டது. வெள்ளி மோதிரம் ஆகும். நபிகள் நாயகம் வெள்ளி மோதிரம் அணிந்திருந்தார் என்பதும், கடிதங்களுக்கு முத்திரையிட அது பயன்பட்டது என்பதும், சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் மோதிரம் அணிவதைத் தடுத்தார் என்பதும் ஹதீஸ்களில் வருகின்றன. நண்பரிடம் நான் வியந்தது, அந்த மோதிரத்தைச் சுற்றி அவருக்கு இருந்த ஒழுங்கு. தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு செய்யும்போது மோதிரத்தை அசைத்து அதற்கு அடியிலும் தண்ணீர் படச் செய்வார். அவருடைய தகப்பனாரின் மோதிரத்தில் இறைவனின் பெயர் வெட்டியிருந்ததால், அவர் கழிவறைக்குப் போகும்போது அதைக் கழற்றி வாசல் மாடத்தில் வைத்துவிட்டே போவார். மாடத்தில் மோதிரம் இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் அர்த்தமாகும். நண்பரின் திருமணத்தில் பெண் வீட்டார் ஆசையாகத் தங்க மோதிரம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதை வாங்காமல் இருந்தால் மாமனாருக்கு வருத்தம், போட்டுக்கொண்டால் மார்க்கத்துக்கு விரோதம் என்ற நிலையில், அவருடைய உம்மா அந்த மோதிரத்தை வாங்கி அப்போதே மருமகளின் விரலில் போட்டுவிட்டார். பத்தாண்டுகளுக்குப் பிறகும் அந்த வீட்டில் அதற்குப் பெயர் "மாப்பிள்ளை மோதிரம்"தான்; அதை மாப்பிள்ளை ஒரு நிமிடம்கூட அணிந்ததில்லை.

தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் கிறிஸ்தவத் திருமணங்களில் தாலியும் உண்டு, மோதிரமும் உண்டு. குருவானவர் மந்திரித்துத் தந்த மோதிரத்தை, அன்புக்கும் பிரமாணிக்கத்துக்கும் அடையாளமாக ஒருவருக்கொருவர் அணிவிப்பார்கள். உண்மையாக நடப்பதைக் குறிக்கும் பிரமாணிக்கம் என்ற சொல்லை நான் கோயிலுக்கு வெளியே யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அந்த மோதிரத்தோடு ஒட்டிக்கொண்டே அது உயிர் வாழ்கிறது. பீடத்தில் வைத்துப் போட்ட அந்த மோதிரத்தையும் மறுநாள் கடலுக்குப் போகும்போது கழற்றத்தான் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது மாதா படத்துக்கு முன்னால், மெழுகுவர்த்தித் தட்டில் கிடக்கும். மீனவரான பேதுருவின் வழிவந்தவர் என்ற முறையில் போப்பாண்டவர் அணியும் மோதிரத்துக்கு மீனவர் மோதிரம் என்றே பெயர். 1265-இல் நான்காம் கிளமெந்து எழுதிய ஒரு கடிதத்திலேயே அதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. போப்பாண்டவர் காலமானதும் அதை வேறு யாரும் முத்திரையாகப் பயன்படுத்தாதபடி சிதைத்துவிடுவது வழக்கம். உலகத்திலேயே மிகப் பெயர்பெற்ற மீனவர் மோதிரத்தைப் போட்டுக்கொள்கிறவர் வலை இழுப்பதில்லை என்று நான் சொன்னபோது, பாம்பன் நண்பர் ஒருவர், "அவரு இழுக்குற வலை வேற" என்று சட்டென்று பதில் சொன்னார்.

கழற்றக் கூடாத மோதிரம் என்றால் எங்கள் வீடுகளில் அது மெட்டிதான். மணமகன் மணமகளின் காலை அம்மியில் எடுத்துவைத்து, பெருவிரலுக்கு அடுத்த விரலில் வெள்ளி மெட்டியைப் போடுவான். தங்கம் லட்சுமி, இடுப்புக்குக் கீழே ஆகாது என்பதால் காலுக்கு வெள்ளி. கிறிஸ்தவக் குடும்பங்களில் மெட்டி போடுகிறவர்களும் உண்டு, போடாதவர்களும் உண்டு. மீன் விற்கும் பெண்களின் மெட்டி எப்போதும் கறுத்திருக்கும். மீன்தண்ணீர் பட்ட வெள்ளி இரண்டே நாளில் மங்கிப்போகும். சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைக்கும்போது அம்மாச்சி காலை நீட்டி உட்கார்ந்து, விபூதியைத் தொட்டு மெட்டியை விரலில் இருக்கும்போதே தேய்ப்பாள். கழற்றித் தேய்த்தால் எளிது என்று நான் சொல்லியிருக்கிறேன். அவள் பதில் சொன்னதில்லை. அந்தக் கேள்வி அவளுக்குக் கேட்டதாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். பழைய காலத்தில் ஆண்களும் காலில் மிஞ்சி போட்டிருக்கிறார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆணின் கால் வெறுமையானபோது ஒருவரும் எதுவும் நினைக்கவில்லை. பெண்ணின் கால்விரல் வெறுமையானால் இன்றைக்கும் பார்க்கிறவரின் பார்வை உடனே கழுத்துக்கு ஏறிவிடுகிறது. இது நியாயமில்லாத பார்வை. நானும் அப்படிப் பார்த்திருக்கிறேன் என்பதையும் இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

நேர்மாறாக, அணிந்த சற்று நேரத்திலேயே பிரித்துப் போட வேண்டிய மோதிரம் ஒன்றும் எங்கள் கரையில் உண்டு. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் சேதுக்கரையிலும் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்திலும் பித்ரு காரியம் செய்ய உட்காருகிறவர்களின் வலது கை மோதிர விரலில், தர்ப்பையை முறுக்கி முடிச்சிட்ட பவித்திரம் ஏறும். சுப காரியத்துக்கு இரண்டு புல், பித்ரு காரியத்துக்கு மூன்று, சாவு வீட்டுக் காரியத்துக்கு ஒன்று என்று புரோகிதர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். கேரளத்துப் பையனூரில் அந்த முடிச்சைத் தங்கத்திலேயே மோதிரமாகச் செய்கிறார்கள். இங்கே புல்தான். கடலரசனை வேண்டி ராமன் தர்ப்பையை விரித்துக் கிடந்ததாகச் சொல்லப்படும் திருப்புல்லாணி, சேதுக்கரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது புல்லைக் குறைவாக நினைக்க யாருக்கும் தோன்றாது. ஏழெட்டுத் தங்க மோதிரங்களோடு காரில் வந்து இறங்குகிறவரும், முந்தின வாரம் எங்கள் கடையில் மோதிரத்தை வைத்தவரும் ஒரே வரிசையில் அதே புல்லை அணிந்து உட்கார்ந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எள்ளும் தண்ணீரும் இறைத்து முடிந்ததும் முடிச்சை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கடலில் முங்குவார்கள். விடியற்காலைத் தண்ணீரின் குளிரில் விரல் சுருங்குவதால், முங்கி எழுகிறவர்கள் சிலரின் தங்கமும் அங்கே நழுவும். அலை பின்வாங்கும் நேரம் பார்த்துச் சல்லடையால் மணலை அரித்துத் தேடுகிறவர்களுக்கு அது தெரியும். தமிழில் ஆழி என்றால் கடல், மோதிரத்துக்கும் ஆழி என்று பெயர். ஆழிக்குள் ஆழி போனால் எதைத் தேடுவது என்று, சல்லடையோடு நின்ற ஒரு பெரியவரிடம் வேடிக்கையாகக் கேட்டேன். அவர் என் விரலைப் பார்த்துவிட்டு, "ஒங்ககிட்ட தொலைக்கறதுக்கே ஒண்ணுமில்லையே தம்பி" என்றார்.

கணையாழியைக் கொண்டுபோன அனுமன் கதையை எங்கள் கரையில் பிள்ளைகள் நடந்த சங்கதியாகவே கேட்டு வளர்கிறார்கள். கம்பனின் உருக்காட்டுப் படலத்தில், ராமனின் மோதிரத்தை வாங்கிய சீதை அதை மார்பில் வைக்கிறாள், தலையில் தாங்குகிறாள், கண்ணில் ஒற்றிக்கொள்கிறாள். அந்த இடத்தில் விரலில் போட்டுக்கொண்டதாக இல்லை. சிறுவயதில் எனக்கு இது குறையாகத் தெரிந்தது. கணவனின் மோதிரத்துக்கு மனைவியின் விரல் இடமில்லை என்பது, அம்மாச்சியின் ஊக்கைப் பார்த்து வளர்ந்த எனக்குப் பின்னால் இயல்பாகப் புரிந்தது.

இப்போது எங்கள் ஊர்களில் நிச்சயதார்த்த மேடைகளில் பையனும் பெண்ணும் கேக் வெட்டி, ஒருவருக்கொருவர் மோதிரம் மாற்றிக்கொள்கிறார்கள். என் தலைமுறையின் தொடக்கம் வரை நிச்சயம் என்பது பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொள்ளும் நிகழ்ச்சி. பல வீடுகளில் மாப்பிள்ளை அதற்கு வரவே மாட்டான். எனக்கு இந்தப் புதிய வழக்கத்தில் வருத்தமில்லை, வீடியோக்காரர் சொல்லும் கோணத்தில் மூன்று தடவை கழற்றி மாட்டுவதில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது. என்னைக் கேட்டால், மஞ்சள் தண்ணீர்க் குடத்துக்குள் மோதிரத்தைப் போட்டுவிட்டு இருவரையும் கைவிட்டுத் துழாவச் சொல்லும் பழைய விளையாட்டுக்கு இணையாக எதுவும் வரவில்லை. அதில்தான் முதல்தடவையாக ஒருவர் விரல் மற்றவர் விரலில் எல்லோர் முன்னிலையிலும், யாருக்கும் தெரியாமல் படும். கடலில் கை தேர்ந்த மாப்பிள்ளைகள் மோதிரத்தைக் கண்டுபிடித்த பிறகும் விட்டுக்கொடுப்பார்கள் என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

தாத்தா கடலில் சாகவில்லை. வீட்டுத் திண்ணையில், மோதிரம் விரலில் இருக்கும்போது இறந்தார். வீங்கியிருந்த விரலில் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் எண்ணெய் விட்டு, நூலை அடியிலிருந்து பிரித்துக்கொண்டே வந்து என் மாமா மோதிரத்தை எடுத்தார். எடுத்தவர் பழக்கத்தில் அதை அம்மாச்சியிடம் நீட்ட, அவளும் பழக்கத்தில் ஊக்கில் கோத்துக்கொண்டாள். பத்தாம் நாள் தாலியைக் கழற்றும்போதுதான் அது பிரச்சினையாயிற்று. தாலியில் கிடந்ததால் அதுவும் போக வேண்டும் என்றாள் ஒரு பெரியம்மா. அது ஆம்பளை நகை, பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது என்றார்கள் வேறு சிலர். மெட்டிகளும் போய்விட்டிருந்தன. அம்மாச்சி யாருக்கும் பதில் சொல்லாமல் ஊக்கைத் திறந்து, மோதிரத்தை எடுத்து வலது கை நடுவிரலில் போட்டுக்கொண்டாள். அது பெரிதாக இருந்தது. பக்கத்தில் கிடந்த வலை முடியும் நூலில் ஒரு முழம் எடுத்து, பல்லால் கடித்து அறுத்து, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதன் அடியில் சுற்றத் தொடங்கினாள். அதற்குப் பிறகு அவள் உயிரோடிருந்த பதினோரு ஆண்டுகளில் அந்த மோதிரம் விரலை விட்டு இறங்கியதை நான் பார்த்ததில்லை. பாத்திரம் தேய்க்கும்போதும் மீன் ஆயும்போதும் அது விரலில்தான் இருந்தது. தடைக்காலங்களில் வீட்டில் என்னென்னவோ அடகுக்குப் போயின. அதைக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

அது இப்போது என்னிடம் இருக்கிறது. அடிப்பக்கம் தேய்ந்து விரிசல் கண்டிருந்ததால், பற்றவைக்கச் சொல்லிப் போன வாரம் ஆசாரியிடம் கொண்டுபோனேன். அவர் மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எந்த வெரலுக்குத் தம்பி? அளவு எடுத்துச் சின்னதாக்கிரலாம்" என்றார். அளவு வேண்டாம், விரிசலை மட்டும் பாருங்கள் என்றேன். கறுத்து இறுகிப் போயிருந்த நூலின் நுனியைக் குறட்டால் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்தார். பற்றவைப்பு ஓரத்தில்தான், நூலை ஒரு பக்கமாக ஒதுக்கி நனைத்து வைத்துக்கொண்டு செய்ய முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் எடை போடுவதற்கு மட்டுமாவது நூலை எடுக்க வேண்டும் என்றார். எடை போட வேண்டாம் என்றேன்.